பாலக்காட்டுக் கணவாயில் சைக்கிள்: காற்றும் வாய்க்காலும் காடும் அறிந்து ஓட்ட ஒரு முழு வழிகாட்டி

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போகும் எந்தச் சாலையைப் பிடித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் கேரளத்துக்குள் இருப்பீர்கள். தென்னந்தோப்பு முடிந்து பனைமரம் தொடங்கும். சாளை என்று நாம் சொல்லும் தோட்டத்து வீடு அங்கே களம் ஆகிவிடும். பேச்சு மட்டும் மாறாது. கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று சித்தூர் தாலுகாவின் கிழக்கு விளிம்பு முழுக்கத் தமிழிலேயே வழி கேட்டுப் போகலாம். ரோடு சைக்கிளுக்கு இதைவிட நல்ல நாடு பக்கத்தில் இல்லை. காட்டின் ஓரமும் வாய்க்கால் கரையும் திறந்த நெல்வயலும் ஒரே நாளில் கிடைக்கும் இடம் இது.

ஆனால் இங்கே வந்து அவதிப்படுகிறவர்களில் பெரும்பாலோர் தூரத்தைப் பார்த்துத் திட்டம் போட்டவர்கள். இந்தக் கணவாயில் தூரத்துக்கு இரண்டாம் இடம்தான். எந்த மாதம், எந்தத் திசை என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். வழித்தடம் அதற்குப் பிறகு.

முதல் படி: காற்றைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய உடைப்பு இந்த ஒன்றுதான். வடக்கே நீலகிரிப் பக்கத்து மலைகள், தெற்கே ஆனைமலை. நடுவில் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குச் சமவெளி. இரண்டு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் சுவர் நிற்கும்போது காற்றுக்கு இந்த ஒரு வாசல்தான். அதனால் புனல் வழியே பாய்வதுபோல் வேகம் கூடி வரும். உடுமலையிலும் கஞ்சிக்கோட்டிலும் காற்றாலைகள் நிற்பது இதனால்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இந்த ஊர்க்காரர்கள் அளவெடுத்தே சொல்லியிருக்கவேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அப்படியே திரும்பி, கிழக்கிலிருந்து வறண்ட காற்று. மார்ச், அக்டோபர் மாதங்களில் இரண்டுக்கும் நடுவே ஓரளவு அமைதி.

இதோடு தரையின் சரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 290 மீட்டர். பாலக்காடு நூறு மீட்டருக்கும் கீழே. மேற்கே போகும்போது கண்ணுக்குத் தெரியாத இறக்கம், திரும்பும்போது கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். இப்போது இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

தென்மேற்குப் பருவத்தில் பொள்ளாச்சியிலிருந்து கிளம்பினால் போகும்போது எதிர்காற்று, ஆனால் இறக்கம். வரும்போது ஏற்றம், ஆனால் முதுகைத் தள்ளும் காற்று. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். வாய்த்த சேர்க்கை இதுதான். மார்கழி, தையில் இது தலைகீழ். போகும்போது இறக்கமும் பின்காற்றும் சேர்ந்து கொல்லங்கோடுவரை 35 கிலோமீட்டர் வேகத்தில் அநாயாசமாகப் போய்விடுவீர்கள். ‘இன்றைக்குக் கால் நன்றாக இருக்கிறது’ என்று நெம்மாறைவரை நீட்டிவிடுவீர்கள். திரும்பும்போது ஏற்றமும் எதிர்காற்றும் பத்து மணி வெயிலும் மூன்றும் சேர்ந்து வரும். குளிர்காலத்தில் இந்தத் தடத்தில் பாதிவழியில் லாரி தேடுகிறவர்கள் எல்லாருக்கும் நடந்தது இதுவே.

கணக்கு எளிது. காற்றுத் தடை, காற்றோடு நமக்குள்ள வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 15 கிலோமீட்டர் காற்று என்றால், உடம்புக்கு அது 40 கிலோமீட்டர் காற்று. தடை இரண்டரை மடங்கு. வேகத்தைக் காப்பாற்ற முயலாதீர்கள். இரண்டு கியர் இறக்கி, காலைச் சுழற்றுவதை நிமிடத்துக்கு 80–90 சுற்றில் வைத்து, வேகம் 17, 18-க்கு இறங்கினால் இறங்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

குளிர்காலத்துக்கு மூன்று வழி. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பி, காலைத் தெம்பில் எதிர்காற்றை முடித்துவிட்டு, திரும்பும்போது மிதந்து வருவது ஒன்று. வடக்கு–தெற்காக ஓடும் வேலந்தாவளம்–கொழிஞ்சாம்பாறைச் சாலைகளை எடுத்துப் பக்கக்காற்றோடு சமாளிப்பது இரண்டு. ஒருவழியாகக் கொல்லங்கோடோ பாலக்காடோ போய் ரயிலில் திரும்புவது மூன்று. பொள்ளாச்சி–பாலக்காடு தடம் அகலப்பாதையாகி 2015-ல் மறுபடி திறந்தது. ஆனாலும் வண்டிகள் குறைவு, நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரங்களைக் கழற்றிப் பையில் போடவோ பார்சலாகப் பதியவோ தயாராக வாருங்கள். பார்சல் வசதிக்குச் சிறிய ஸ்டேஷனைவிடப் பாலக்காடு மேல்.

பக்கக்காற்றில் உயரமான ரிம் வேண்டாம். 40 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள ரிம், பனைமர வரிசைக்கு நடுவில் இடைவெளி வரும் இடமெல்லாம் ஹேண்டில்பாரைப் பிடுங்கும். எதிரே லாரி வரும்போதும் அப்படித்தான். லாரி காற்றை ஒரு நொடி மறைக்கும், கடந்ததும் திரும்ப அடிக்கும். அந்த இரண்டாவது அடியில்தான் வண்டி தடுமாறும். கையைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி வைத்திருங்கள்.

இரண்டாம் படி: வண்டியை இந்த மண்ணுக்குத் தயார் செய்யுங்கள்

25 மில்லிமீட்டர் டயரில் முக்கியச் சாலை மட்டும் ஓட்டலாம். கிராமச் சாலைக்கு 28 குறைந்தபட்சம், 32 இருந்தால் நிம்மதி. வாய்க்கால் கரையில் இறங்குவதானால் 35 அல்லது 38. உடல் எடை 65 முதல் 75 கிலோ உள்ளவருக்கு, காற்றழுத்தம் 28 டயரில் பின்னால் 75, முன்னால் 70 பி.எஸ்.ஐ.; 32-ல் பின்னால் 60, முன்னால் 55; 35–38-ல் பின்னால் 45, முன்னால் 40. மழை நாளில் 5 குறையுங்கள். நூறைத் தாண்டி ஏற்றுவது பழைய பழக்கம். இங்குள்ள கரடுமுரடான ஜல்லிச் சாலையில் அது வேகத்தைக் கூட்டாது, கையை மரக்கவைக்கும்.

பஞ்சருக்கு இங்கே இரண்டு எதிரிகள். சாலையோர வேலிகளிலிருந்து விழும் சீமைக்கருவேல முள் ஒன்று. நீளமான முள், டயரில் நேராக ஏறி ஒடிந்து உள்ளேயே நிற்கும். டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்று தடவாவிட்டால் புது டியூபும் ஐந்து நிமிடத்தில் போகும். இன்னொன்று நெருஞ்சி. மழை முடிந்து தரையோடு படரும், வாய்க்கால் கரையில் அதிகம். நெருஞ்சி ஒன்றாகக் குத்தாது, ஒரே நேரத்தில் ஆறேழு இடத்தில் குத்தும். அதனால் கரையோரம் போகிறவர்களுக்கு டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் மிகவும் பொருந்தும். 32 டயருக்கு, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் 40–50 மில்லி ஊற்றுங்கள். இந்த வெயிலில் அது சீக்கிரம் காயும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

டியூப் போடுகிறவர்கள் இரண்டு டியூப், ஒட்டுப் பேட்ச் ஆறு, லிவர் இரண்டு, கைப்பம்ப் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டயரின் பக்கச்சுவரிலிருந்து மூன்று அங்குலத் துண்டு ஒன்று வெட்டி வையுங்கள். டயர் கிழிந்தால் உள்ளே வைக்க அதைவிடச் சிறந்தது இல்லை. பிரெஸ்டா வால்வு என்றால் பித்தளை அடாப்டர் கட்டாயம். கொழிஞ்சாம்பாறையிலும் ஆனைமலையிலும் சைக்கிள் கடை இருக்கிறது, காற்று இருக்கிறது, ஆனால் அந்த மெல்லிய வால்வில் பிடிக்கும் வாய் இருக்காது. கிராமக் கடைகளில் கிடைக்கும் 28 அங்குல டியூப், ரோடு சைக்கிளின் 700சி அளவுச் சக்கரத்துக்கு முழுப் பொருத்தம் இல்லை. 35-க்கு மேல் அகலமான டயரில் அவசரத்துக்கு ஒப்பேற்றலாம். 28 டயருக்குள் அது மடிந்து மறுபடி ஓட்டையாகும்.

கியரைப் பொறுத்தவரை, சமவெளிக்கு எதுவும் போதும். நெல்லியாம்பதி மலை ஏறப்போவதானால் முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருக்கட்டும்.

மூன்றாம் படி: காட்டோரத் தடத்தில் தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் தடம் பொள்ளாச்சி – அம்பராம்பாளையம் – ஆனைமலை – வேட்டைக்காரன்புதூர் – சேத்துமடை. போய்வர ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தென்மேற்காகப் போவதால் காற்று நேராக மோதாது, தென்னந்தோப்புகளும் பாதி மறைத்துவிடும்.

விடியும் நேரத்துக்குக் கிளம்புங்கள். அம்பராம்பாளையத்தில் ஆழியாற்றைத் தாண்டும்போது வெளிச்சம் வந்திருக்கவேண்டும். ஆனைமலையில் மாசாணியம்மன் கோயில் இருப்பதால் அமாவாசை, வெள்ளிக்கிழமைகளில் வேன்களும் கார்களும் நெருக்கும். அந்த நாட்களைத் தவிருங்கள். வேட்டைக்காரன்புதூர் தாண்டியதும் சாலை குறுகி மரநிழல் கூடும். நேர் எதிரே மலை. கடைசி ஐந்து கிலோமீட்டரில் லேசான ஏற்றம் இருக்கும், கியர் மாற்றினால் தெரியாது.

சேத்துமடைச் சோதனைச் சாவடியே எல்லை. அதற்கு மேலே டாப்சிலிப், பரம்பிக்குளம் எல்லாம் புலிகள் காப்பகம். இரு சக்கரத்தில் போகும் இடமில்லை அது. ‘கொஞ்ச தூரம் மட்டும்’ என்று கேட்டு வனத்துறைக்காரர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். நிழலில் பத்து நிமிடம் நின்று திரும்புங்கள்.

காலை ஆறரைக்கு முன் இந்தச் சாலையில் மயில்தான் பெரிய ஆபத்து. சிரிப்பதற்கில்லை. நாலைந்து கிலோ எடையுள்ள பறவை தோப்பிலிருந்து தோப்புக்குத் தாழ்வாகப் பறக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும். முதல் மயிலைப் பார்த்ததும் பிரேக்கில் விரலை வையுங்கள்.

நான்காம் படி: வாய்க்கால் கரையை எப்படிப் பயன்படுத்துவது

இந்த நாட்டின் தனிச்சிறப்பு வாய்க்கால்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் (பி.ஏ.பி.) இரு மாநிலமும் செய்துகொண்ட ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று எழுதப்பட்டது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்குப் போகவேண்டும். அந்த நீர் சித்தூர்ப்புழையாகி, மூலத்தறை ரெகுலேட்டரில் இடக்கரை, வலக்கரை வாய்க்கால்களாகப் பிரிகிறது. ஆனைமலைப் பக்கத்தில் பொள்ளாச்சிக் கால்வாய், வேட்டைக்காரன்புதூர்க் கால்வாய் என்று ஆழியாறு அணையின் கால்வாய்கள். கிழக்கே பி.ஏ.பி. வாய்க்கால்கள் தனி வலை.

சைக்கிள்காரனுக்கு வாய்க்காலின் அருமை எங்கே இருக்கிறது என்றால், நீர் சொந்த எடையில் மெதுவாக ஓடவேண்டும் என்று அதைச் சமமட்டக் கோட்டை ஒட்டி வளைத்து வளைத்து வெட்டியிருக்கிறார்கள். ஆகவே கரைப்பாதையில் பெரிய ஏற்றம் இராது. வரைபடத்தில் காரணமில்லாமல் நெளிந்து போகும் நீலக்கோடு தெரிந்தால், அங்கே சமமான பாதை இருக்கிறது என்று பொருள். சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணைக்கு மலையைச் சுற்றிவரும் 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாய்க்கு, சமமட்டக் கோடு என்று பொருள்படும் அந்தப் பெயரே அதனால் வந்தது. ஆனால் காண்டூர் காட்டுக்குள் ஓடுகிறது, அந்தக் கரை நமக்கு இல்லை.

கரையில் இறங்கும் முறை இது.

பாலத்தில் நின்று இரண்டு கரையையும் பாருங்கள். ஒரு கரைதான் ஜீப் போகும் அகலத்தில் இருக்கும், அதைப் பிடியுங்கள். சங்கிலியோ கேட்டோ போட்டிருந்தால் தூக்கித் தாண்டாதீர்கள். கரை நீர்வளத் துறையுடையது, நாம் விருந்தாளி. பக்கத்துத் தோட்டக்காரர் யாராவது இருந்தால், ‘அண்ணா, இந்தக் கரையிலேயே போனா அடுத்த பாலம் வருமா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கே கரை உடைந்திருக்கிறது, எங்கே முள் வெட்டிப் போட்டிருக்கிறது, யார் வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் எந்தச் செயலியிலும் இல்லை, அவரிடம் இருக்கிறது.

நீர் ஓடும் விளிம்பிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளியே ஓட்டுங்கள். பார்க்கத் தணிவாகத் தெரியும் சிமென்ட் வாய்க்கால் உண்மையில் மிகவும் பொல்லாதது. பக்கச்சுவர் சாய்வாக இருக்கும், நீர்மட்டத்தில் பாசி படிந்து எண்ணெய் தடவினதுபோல் வழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் ஏற முடியாமல் மாட்டிக்கொள்வது அதனால்தான். யாராவது விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். துண்டையோ டியூபையோ எறியுங்கள். விழுந்தவர் காலை முன்னே நீட்டி மல்லாந்து மிதந்து, படிக்கட்டோ பாலமோ வரும் இடத்தில் கரையைப் பிடிக்கவேண்டும். வியர்க்கிறதே என்று முகம் கழுவக்கூட விளிம்பில் குனியவேண்டாம்.

நடுநடுவே வாய்க்கால் படிபோல் இறங்கும் இடங்கள் வரும். அங்கே கரைப்பாதையும் சட்டென்று ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இறங்கும். நீரின் இரைச்சல் கூடுவதே அடையாளம். கேட்டதும் வேகத்தைக் குறையுங்கள். கிளைவாய்க்கால் மதகுகளுக்குமேல் சில இடங்களில் ஒரு கல்பலகை மட்டுமே இருக்கும், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

நீர் திறந்திருக்கும் நாட்களில்தான் கரை அழகு. பி.ஏ.பி. பாசனம் நான்கு மண்டலமாகப் பிரிந்து முறை வைத்து நீர் விடுவதால், நீங்கள் பார்த்துவைத்த வாய்க்கால் இந்த மாதம் வறண்டும், அடுத்தது நிறைந்தும் இருக்கலாம். நீர் திறப்புச் செய்தி உள்ளூர்த் தாளில் வரும். திறந்த முதல் வாரத்தில் கசிவினால் கரை சொதசொதப்பாகும். பத்து நாள் கழித்துப் போவது நல்லது.

ஐந்தாம் படி: திறந்த வெளி — கோவிந்தாபுரம் முதல் கொல்லங்கோடு வரை

பொள்ளாச்சி – அம்பராம்பாளையம் – கோவிந்தாபுரம் சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து முதலமடை வழியாகக் கொல்லங்கோடு இன்னொரு 17. இந்த இரண்டாவது பகுதிக்காகவே எத்தனை முறையும் வரலாம். இடது கையில் நெல்லியாம்பதி மலையின் செங்குத்தான சுவர் கூடவே வரும், தென்மலை என்பார்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவரில் வெள்ளிக்கோடுகள் தொங்கும், சீதார்குண்டு அருவி அவற்றில் ஒன்று.

முக்கியச் சாலையிலேயே போகாதீர்கள். இது பொள்ளாச்சிக்கும் திருச்சூருக்கும் ஓடும் தடம், பேருந்தும் சரக்கு லாரியும் நிற்காது. கோவிந்தாபுரம் தாண்டியதும் தெற்கே மீன்கரை அணை, சுள்ளியாறு அணைப் பக்கம் பிரியும் ஊர்ச்சாலைகளை எடுங்கள். மாந்தோப்புகளுக்கு நடுவே போகும். முதலமடை கேரளத்தின் மாம்பழ ஊர். நாட்டிலேயே முந்திக் காய்க்கும் தோப்புகளில் இதுவும் ஒன்று. அறுவடைக்காலமான ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெட்டி ஏற்றிய பிக்கப் வண்டிகள் தோப்பு வாசலிலிருந்து பார்க்காமலே சாலைக்கு வரும். வாசல் தெரிந்தால் நடுச்சாலைக்கு நகருங்கள். முதலமடை ரயில் நிலையத்து ஆலமர நிழல், பாதிவழி இளைப்பாற ஏற்ற இடம்.

முதலமடை, கொல்லங்கோடு சுற்றுவட்டாரத்தில் ரயில் கேட்டைக் கடக்கும்போது கவனம். சாலை தண்டவாளத்தைச் சாய்வாக வெட்டும் இடங்களில் 28 டயர் இடுக்கில் இறங்கிவிடும். பின்னால் பார்த்துவிட்டு, சற்று விலகி வளைந்து, தண்டவாளத்தை நேர்க்குத்தாகக் கடந்து போங்கள். மழையில் இறங்கி நடப்பதே சரி.

கொல்லங்கோட்டைச் சுற்றி வயலுக்கு நடுவே மூன்று மீட்டர் அகலச் சாலைகள் நிறைய. அவற்றில் திட்டமில்லாமல் திரிவதே இன்பம். சிங்கன்சிறையின் ஆலமரக்கூட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாற்று நட்ட ஜூலை, ஆகஸ்டும் இரண்டாம் போகம் பச்சை பிடிக்கும் நவம்பர், டிசம்பரும் கண்கொள்ளாக் காட்சி. அறுவடை நேரத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சாலையில் வைக்கோல் காயப்போடுவார்கள். உலர்ந்த வைக்கோலில் வளைவு எடுத்தால் சோப்பில் வைத்ததுபோல் சறுக்கும். அதைவிட மோசம், வைக்கோல் தாள் பின்பக்க டெரெய்லியருக்குள் (கியர் மாற்றும் கருவி) சுற்றிக்கொள்ளும். சுற்றியது தெரிந்ததும் மிதிப்பதை நிறுத்துங்கள். இன்னும் ஒரு சுற்று மிதித்தால், அந்தக் கருவியை ஃபிரேமில் மாட்டும் ஹேங்கர் ஒடியும். ஹேங்கர் பாலக்காட்டில்கூட உங்கள் வண்டிக்குக் கிடைக்கும் என்று நம்ப முடியாது, உதிரி ஒன்று பையில் இருக்கட்டும்.

வடக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வேலந்தாவளம் பகுதி வேறு உலகம். கேரளத்தில் கரிசல் மண் பார்க்கவேண்டுமானால் இங்கேதான். மழை குறைவு, வானம் அகலம், பனை பனையாய் நிற்கும். தார்ச்சாலையில் இருக்கும்வரை தொல்லையில்லை. மழை பெய்த மறுநாள் மண்பாதையில் இறங்கினால் நூறு மீட்டருக்குள் சக்கரம் சுற்றாது. கரிசல் டயரோடு ஒட்டிக் கல்லும் புல்லும் சேர்த்துக்கொண்டு ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே கெட்டியாகும். உருட்டித் தள்ளினால் ஃபிரேம் கீறும். தோளில் தூக்கித் தார்ச்சாலைக்கு வந்து, பனைமட்டைத் துண்டால் வழித்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் கூழாகி பிரேக்குக்குள் போகும்.

சித்தூர் வழியாகப் பாலக்காடு பக்கம் நீட்டுகிறவர்கள் எலப்புள்ளி அருகே ராமசேரியில் காலைப் பலகாரத்தை வைத்துக்கொள்ளலாம். மண்பானை வாயில் துணி கட்டி அவிக்கும் அந்தத் தட்டை இட்லி, தமிழ் நெசவாளர் குடும்பங்கள் கொண்டுவந்தது. மிளகாய்ப்பொடியோடு நான்கு போதும், வயிறு கனக்காமல் அடுத்த முப்பது கிலோமீட்டர் ஓடும். பருவத்தில் பதநீர் கிடைக்கும். கள்ளுக்கடைப் பக்கம் பயணம் முடியும்வரை வேண்டாம்.

ஆறாம் படி: கால் தேறியபின் நெல்லியாம்பதி

கொல்லங்கோட்டிலிருந்து நெம்மாறை 10 கிலோமீட்டர், அங்கிருந்து போத்துண்டி அணை சுமார் 8. பத்தொன்பதாம் நூற்றாண்டு மண்ணணை, அதன் உட்சுவர் வெல்லமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியது. அணைக்கு அடுத்து வனத்துறைச் சோதனைச் சாவடி. அதற்குமேல் கொண்டையூசி வளைவுகளோடு அடர்காடு. பொள்ளாச்சியிலிருந்து ஓட்டிவந்து இதையும் ஏறுவது நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் முந்தின இரவு நெம்மாறையில் தங்குங்கள்.

சாவடியில் பெயர் எழுதுவார்கள். அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். அன்றைக்கு யானை எங்கே நின்றது என்று அவர்களிடமே கேளுங்கள். காலை வெளிச்சம் நன்றாக வந்தபிறகு ஏறத்தொடங்கி, மதியம் இரண்டுக்குள் இறங்கிவிடவேண்டும். மதியத்துக்குமேல் மூடுபனியும் மழையும் எப்போதும் வரலாம்.

ஏறும்போது முதல் மூன்று கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக எடுங்கள். பேச முடிகிற மூச்சு இருக்கவேண்டும். இடது பக்கம் திரும்பும் வளைவின் உள்விளிம்பு மிகச் செங்குத்து. எதிரே வண்டி வரவில்லை என்று உறுதியானால் சற்று அகலமாக எடுங்கள், தெரியாவிட்டால் வேண்டாம். பேருந்து வந்தால் வளைவுக்கு வெளியே நின்று வழிவிடுங்கள், அதற்கு முழு அகலமும் தேவை.

யானையைப் பார்த்தால் நூறு மீட்டருக்கு முன்பே நின்றுவிடுங்கள். மணி அடிக்காதீர்கள், கத்தாதீர்கள், செல்போனை நீட்டாதீர்கள். சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பி, வந்த வழியே இறங்குங்கள். அடுத்த பேருந்தோ ஜீப்போ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதே சிக்கல், வளைவு திரும்பியதும் யானைக்குப் பக்கத்தில் போய் நிற்க நேரும். ஆகவே பார்வை மறையும் வளைவுகளுக்கு முன்பே நிதானியுங்கள். உடைந்த மூங்கிலும் ஆவி பறக்கும் சாணமும் கண்டால் அது இப்போது நடந்து போயிருக்கிறது.

குரங்குகளுக்கு ஜெர்சிப் பையில் இருக்கும் வாழைப்பழம் நன்றாகத் தெரியும். நின்றால் தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள், கொடுக்கவும் வேண்டாம். மழைக்காலத்தில் அட்டை ஏறும், உப்புத்தூள் ஒரு பொட்டலம் போதும்.

இறக்கம்தான் ஏற்றத்தைவிடக் கஷ்டம். கிளம்புமுன் பிரேக் கட்டையைப் பாருங்கள், தேய்ந்து ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் ஏறவே வேண்டாம். ரிம் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் நேர்ப்பகுதியில் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். நாலைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள். ஈரத்தில் ரிம் பிரேக் முதல் ஒரு சுற்று பிடிக்காது, நீரைத் துடைத்தபிறகே பிடிக்கும். அதனால் எப்போதையும்விட முன்னதாகத் தொடங்குங்கள். சாலையோரம் பாசி பச்சையாகத் தெரியும் இடத்தில் பிரேக்கே தொடாதீர்கள்.

ஏழாம் படி: தண்ணீர், தீனி, நாய், அவசரம்

மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த மாதங்களில் பத்து மணிக்கு வண்டி நிழலில் இருக்கவேண்டும். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் நீர். வெறும் நீர் குடித்துக்கொண்டே போனால் இரண்டு மணி நேரத்துக்குப்பின் தலை கனக்கும், கெண்டைக்கால் பிடிக்கும். ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்த ஒரு பாட்டில் தனியாக இருக்கட்டும். ஒரு நேந்திரம்பழமோ இரண்டு கடலைமிட்டாயோ மணிக்கு ஒருமுறை. பசி எடுத்தபிறகு தின்பது காலதாமதம். இளநீர் எல்லை தாண்டும் வரைதான் எங்கும் கிடைக்கும். கேரளப் பக்கத்து உட்சாலைகளில் கடைகள் தூரதூரம், கொல்லங்கோட்டில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். நின்று, இறங்கி, வண்டியை நடுவில் வைத்து அதட்டுங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கடித்துவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போகவேண்டும். பொள்ளாச்சி அரசு மருத்துவமனையும் சித்தூர் தாலுகா மருத்துவமனையும் இந்தத் தடங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். ஆம்புலன்சுக்கு 108, மற்ற அவசரத்துக்கு 112, இரண்டு மாநிலத்திலும் அதே எண்.

கூட்டமாகப் போனால் ஆறு பேருக்கு மேல் ஒரே வரிசையில் வேண்டாம். நடுவில் ஐம்பது மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு குழுவாகப் பிரிந்தால் பேருந்து இரண்டு தடவையாகக் கடந்துபோக முடியும்.

வீடு திரும்பியதும்

வாய்க்கால் மண் செயினில் அரம்போல் வேலை செய்யும். அன்று மாலையே உலர்ந்த துணியால் செயினைத் துடைத்து, வெயில்காலத்தில் ‘டிரை லூப்’, மழைக்காலத்தில் ‘வெட் லூப்’ என்னும் செயின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்தெடுங்கள். மேலே மிஞ்சினால் அடுத்த முறை அவ்வளவு மண்ணையும் அதுவே இழுக்கும். டயரை மெதுவாகச் சுற்றி, ஒடிந்து நிற்கும் முள்நுனிகளை ஊசியால் நெம்பி எடுங்கள். இன்றைக்குக் காற்று இறங்காத முள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிந்தாபுரத்தில் இறக்கும். கரிசல் ஒட்டியிருந்தால் முழுக்கக் காயவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து உதிர்த்தபின் தண்ணீர் காட்டுங்கள்.